இருபத்திரண்டு பேரும் ஒரு பாலிதீன் கவரும்

சுற்றுலா கூட்டிப் போகிற தொழிலில் கடலும் மலையும் வாடிக்கையாளருக்கு, ஏர்போர்ட் மட்டும்தான் நமக்கு. "விமானம் இன்னும் சற்று நேரத்தில்" என்ற அறிவிப்பைக் கேட்டு, இரும்பு நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்து, ஒரு தடவையாவது பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியென்றால் கிட்ட வாங்க, நாம ஒரே கட்சி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருடம் நான் சிவகாசியில் ஒரு டிராவல்ஸில் டூர் மேனேஜராக இருந்தேன். பேர்தான் மேனேஜர். தண்ணீர் பாட்டில் தூக்குவதும் நான்தான், வாந்திக்குக் கவர் நீட்டுவதும் நான்தான். தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும்போது எங்களுக்கு சீசன். ஒரு வருடம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருத்தர், லோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில், பழைய ஆட்கள் இருபத்தொரு பேரைத் தன் செலவில் விமானத்தில் ஒரு தீவுக்கு அனுப்பினார். என்னோடு சேர்த்து இருபத்திரண்டு. எந்தத் தீவு என்று மட்டும் கேட்காதீர்கள். மறுபடியும் அங்கே போய் அதே ஆபீசர்கள் முகத்தில் முழிக்க வேண்டியவள் நான்.

வெறுங்கை

கிளம்புவதற்கு முந்தின நாள் கம்பெனி வாசலில் வைத்து எல்லார் பையையும் பிரித்துப் பார்த்தேன். பட்டாசு கூடாது, மத்தாப்பு கூடாது, தீப்பெட்டி கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் நன்றாகத்தான் தலையாட்டினார்கள். பிரித்தால் ஒன்பது பைக்குள் பட்டாசு கிப்ட் பாக்ஸ்! அதிலும் பெரிய பெட்டி போர்மேன் சண்முகையா அண்ணாச்சி பையில். கம்பெனிக்குள் யார் மடியிலாவது தீக்குச்சி இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புகிற மனிதர் அவர்.

"என்ன அண்ணாச்சி, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் ஆபீசுக்குப் போனாலும், டாக்டரைப் பார்க்கப் போனாலும், பெண் கேட்டுப் போனாலும் கையில் ஒரு பட்டாசுப் பெட்டி இருக்கும். பெட்டி கொடுக்காமல் யாரிடமும் பேச்சைத் தொடங்கவே எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. ஒன்பது பெட்டியையும் நான் பிடுங்கி வாட்ச்மேன் அறையில் அடுக்கியபோது அண்ணாச்சி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்ப அங்கன உள்ள மனுசங்ககிட்ட எதக் குடுத்து நாம சிநேகம் பிடிக்கிறது, மேனேஜரம்மா?"

மகளிடமிருந்து போன்

தீவில் மூன்று நாள் சுற்றினோம். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை திரும்ப வேண்டும். திங்கள் சாயங்காலம் என் செல்லில் ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள். எங்களோடு வந்திருந்த, சங்குச்சக்கரம் சுற்றுகிற பொன்னுத்தாயின் மகள் முருகேஸ்வரி. நர்ஸ் படிப்பு முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து, வருடக்கணக்காகக் காத்துக் கிடந்த பெண். அன்றைக்குத்தான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஜெராக்ஸ் செல்லாது, அசல்தான் வேண்டும். வராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதாம். வீட்டுத் தகரப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள், அசல் ஒன்றைக்கூடக் காணோம்.

போனைப் பொன்னுத்தாயிடம் கொடுத்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் இல்லை, ஒரே மகள். கேட்டுக்கொண்டே வந்தவள் தன் துணிமூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். விஷயம் இதுதான். அவள் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து, காலேஜ் போகிற பெண் ஒருத்தியின் மார்க் ஷீட் மொத்தமும் கருகிப் போயிருக்கிறது. அன்றிலிருந்து பொன்னுத்தாய் ஊர் தாண்டினால் மகளுடைய அசல் சான்றிதழ்களைத் துணிமூட்டைக்குள் வைத்துத் தன்னோடு எடுத்துப் போய்விடுவாள். கல்யாண வீட்டுக்கும் வரும், கோயிலுக்கும் வரும். விமானத்தில் தீவுக்கும் வந்துவிட்டது. மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பெட்டியக் கிண்டாத முருகேசு. எல்லாம் எங்கிட்டத்தான் இருக்கு. அம்மா கொண்டாந்துருவேன்."

சற்று நேரம்

செவ்வாய் பத்தரைக்கு விமானம். எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தோம். பத்தரை பதினொன்றேகால் ஆனது. பதினொன்றேகால் பன்னிரண்டானது. காரணம் கேட்டால் கவுண்டரில் இருந்த பெண், "சற்று நேரத்தில் தகவல் வரும் மேடம்" என்றாள். தகவல் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "மேலிடத்திலிருந்து" என்றாள். மேலே பார்த்தேன், மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏர்போர்ட்டில் மூன்று மணிக்கு மேல் விமானம் எழும்பாது. அது எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சற்று நேரத்துக்கும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை. வானத்தில் மின்னல் வெட்டினால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து உட்காருகிறவர்கள். ஆனால் நெருக்கியடித்து உட்கார அவர்களுக்கு வராது. பட்டாசு அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இருபது வருடம் அப்படியே இருந்து பழகி, ஏர்போர்ட்டிலும் நாலு நாலு பேராக, நடுவில் பத்தடி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி வைத்த காவலர் ஒருவர் இதை வெகுநேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிப் பிரிந்து பிரிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்து உள்ளே வைத்திருப்பார். காற்றுக்காக என்றேன்.

பொன்னுத்தாய் மட்டும் உட்காரவில்லை. கண்ணாடிக் கதவுப் பக்கம் நின்று ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு என்னிடம் வந்தாள். "அந்தப் புள்ளகிட்டக் கேளுங்க, மேனேஜரம்மா. வராதுன்னா வராதுன்னு சொல்லிரச் சொல்லுங்க. நான் கப்பலப் பாத்தாவது போறேன்."

ஒன்பது புகார்

இரண்டே முக்காலுக்கு ரத்து என்றார்கள். அடுத்து எப்போது என்றால், வெள்ளிக்கிழமை! கவுண்டருக்கு முன்னால் நின்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். என் இந்தி வடக்கே இருந்து சிவகாசிக்கு காலண்டர், பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளிடம் கற்றது. லோடு எப்போது வரும், ஏன் வரவில்லை, இதுதான் உன் பேச்சா என்று கேட்பதற்கு அதைவிட நல்ல இந்தி கிடையாது. பெரிய ஆபீசர் எங்கே என்றேன். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்று மணி வரை என்ன சாப்பாடு, பந்தியா என்றேன். கடைசியில் ஒரு புகார் நோட்டைத் தள்ளினாள் அந்தப் பெண். எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தம்.

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் விதி அச்சடித்திருந்தது. ஒவ்வொரு பயணியும் தனித்தனியாகப் புகார் தரலாம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முத்திரை குத்தி, நகல் தர வேண்டும். நல்லது என்று எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்தினேன். ஆளுக்கொரு பக்கம், சொந்தக் கையெழுத்து, சுத்தமான தமிழ், அவசரமே இல்லை. முதலில் எழுதிய போர்மேன் அண்ணாச்சி, "மேற்படி விமானமானது" என்று தொடங்கி மேலதிகாரிக்கு விபத்து அறிக்கை எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதினார். பொன்னுத்தாய் மகள் பெயரை மட்டும் மூன்று தடவை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். கவுண்டர் பெண் எண் போட்டாள், முத்திரை குத்தினாள், நகல் எடுத்தாள், மறுபடி எண் போட்டாள். பின்னால் இருந்த மற்ற பயணிகள் கத்தத் தொடங்கினார்கள்.

ஒன்பதாவது புகாரில் பெரிய ஆபீசர் சாப்பாட்டிலிருந்து திரும்பிவிட்டார். ரத்தானதற்குப் பதிலாக நாளைக் காலை கூடுதலாக ஒரு விமானம் வருகிறதாம். அந்தத் தகவல் மத்தியானத்திலிருந்தே அவர் மேசையில் கிடந்திருக்கிறது. நோட்டை மெதுவாக மூடிக்கொண்டு சொன்னார்: "போதும் மேடம், மீதிப் பேர் எழுத வேண்டாம். இருபத்திரண்டு சீட்டும் போட்டுத் தருகிறேன்."

மிஷின் கத்தியது

புதன்கிழமை காலை பெரிய மூட்டையெல்லாம் எடை போட்டு உள்ளே போய்விட்டன. தீவுக்கு வரும்போது பொன்னுத்தாய் சான்றிதழ்களையும் பெரிய மூட்டையில்தான் போட்டிருந்தாள். மகள் போனில் அழுத பிறகு அதைக் கையை விட்டு இறக்கவில்லை, மஞ்சப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டே வந்தாள். சோதனை வரிசையில் பத்துப் பேருக்கு ஒருவரை ஒதுக்கி, பையை ஒரு துண்டுத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு மிஷினுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒருவர் யாராக இருப்பார்? பொன்னுத்தாயேதான். மிஷின் சிவப்பு விளக்கோடு கீச்சென்று கத்தியது. மறுபடி துடைத்தார்கள், மறுபடி கத்தியது. நாலு பேர் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

மஞ்சப்பைக்குள் இருந்ததைப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் வரும் கனத்த பாலிதீன் கவர்! தண்ணீர் புகாது, கரையான் அரிக்காது. எங்கள் பக்கம் ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகள் மார்க் ஷீட் எல்லாம் பாதி வீடுகளில் அதற்குள்தான் இருக்கும். அதைக் கம்பெனியிலிருந்து வெளியே எடுத்துப் போகவே கூடாது. ஆனாலும் போகும். பொன்னுத்தாய் சோப்புப் போட்டு நாலு தடவை கழுவித்தான் வைத்திருக்கிறாள். மிஷினுக்கு அது போதவில்லை.

"ஏ பொன்னுத்தாயி, இந்தக் கவர வீட்டுக்குக் கொண்டு போவாதீகன்னு எத்தன வருசமாக் கத்துறேன்!" என்று பாய்ந்தார் போர்மேன் அண்ணாச்சி. அவர் சத்தத்தைக் கேட்டு ஒரு காவலர் அவரையும் ஓரமாக இழுத்து, அவர் சட்டைப்பைக்குள் இருந்த மடித்த கவர் ஒன்றை வெளியே எடுத்தார். அதுவும் அதே கவர், அதற்குள் அவருடைய வாக்காளர் அட்டை. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "மழைக்காலம்லா, அதான்."

ஆமா, இருபத்திரண்டு வருசமா

பாதுகாப்பு ஆபீசர் ஒருவர் வந்தார். மீசையும் உடுப்பும் விறைப்பாக இருந்தன. மிஷின் கத்தினால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நாங்கள் எல்லாரும் ஒரே குழு என்பதால் எல்லாரும் நிரப்ப வேண்டும் என்றார். கேள்விகளை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன். ஐந்தாவது கேள்வி: அண்மையில் வெடிபொருள் எதையும் கையாண்டீர்களா, ஆம் அல்லது இல்லை.

இல்லை என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன், காலை மிதித்தேன், இருமினேன். அரசாங்கப் படிவத்தில் பொய் எழுத எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. பரிசோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டரிடம் பொய் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர்களுக்கு எலும்பு வரை பயம் ஏறியிருந்தது. இருபத்தொரு பேரும் ஆம் போட்டார்கள். எதனால் என்ற கட்டத்தில் சிலர் சரவெடி, சிலர் புஸ்வாணம், ஒருத்தி ராக்கெட் என்று எழுதினார்கள். அந்த ராக்கெட்டைப் படித்துச் சொல்லச் சொன்ன ஆபீசர் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பொன்னுத்தாயின் படிவத்தைத் தூக்கிக் காட்டி, இந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே வெடிமருந்து பழக்கம் உண்டா என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் பொன்னுத்தாயே புரிந்துகொண்டு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னாள்: "ஆமா சார், இருபத்திரண்டு வருசமா. நீங்க தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுப்பீகள்ல, அத நாங்கதான் சுத்துறோம்."

ஒரு ஆள் குறையுது

நான் அதை இந்தியில் சொன்னதும், பதில் சரிதான், ஆனால் விதி விதிதான் என்றார் ஆபீசர். ஆட்கள் போகலாம். கவரும் அதற்குள் இருக்கும் காகிதங்களும் இங்கேயே இருக்க வேண்டும், பெரிய பரிசோதனைக்கு அனுப்பி, இரண்டு வாரத்தில் தபாலில் வரும். இதை நான் பொன்னுத்தாயிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மஞ்சப்பை கிடந்த மேசையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நீங்க எல்லாரும் போங்க. இது வராம நான் வரல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

விமானத்தில் ஏறச் சொல்லி அறிவித்தார்கள். எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். போர்மேன் அண்ணாச்சி கதவோரம் நின்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். கம்பெனியில் சாயங்காலம் வேனில் ஏற்றும்போது அப்படித்தான் எண்ணுவார். உள்ளே ஒரு ஆள் விட்டுப் போய், அறைக்குள் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? எண்ணிக்கை சரியாகாமல் ஏழாயிரம்பண்ணையில் ஒரு வேனும் நகராது. பத்தொன்பது வந்தது. தன்னையும் என்னையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார், இருபத்தொன்று, உதட்டைப் பிதுக்கினார். "ஒரு ஆள் குறையுது, வண்டி எடுக்க முடியாது" என்றார். "ஐயா, இது வேன் இல்லை, விமானம்" என்று அரைகுறைத் தமிழில் கத்தினாள் கவுண்டர் பெண். "அதுக்குந்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பொன்னுத்தாய் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், நாலு நாலு பேராக.

இங்கேதான் எனக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. அவர்கள் விதியை வைத்தே அவர்களை மடக்குகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. மூட்டை விமானத்துக்குள் போயிருந்து ஆள் ஏறவில்லை என்றால், அந்த மூட்டையைத் தேடி எடுத்து இறக்காமல் விமானம் கிளம்பக் கூடாது. எங்கள் மூட்டை நாற்பத்தொன்று. முந்தின நாள் புகார் நோட்டை மூடிய அந்தப் பெரிய ஆபீசரிடம் போய் நிதானமாகச் சொன்னேன், "சரி சார், நாங்கள் வரவில்லை. எங்கள் மூட்டை நாற்பத்தொன்றையும் இறக்கிக் கொடுங்கள்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓடுபாதையைப் பார்த்தார். அப்புறம் அந்த வயதில் அவர் ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை, ஓடினார், நேரே பாதுகாப்பு ஆபீசரிடம். "சற்று நேரத்தில்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இரண்டு ஆபீசர்களும் கொஞ்ச நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். பொன்னுத்தாய் தரையில் இருந்தபடியே, "மருந்து கவர்லதான் சார் ஒட்டிருக்கும். உள்ள இருக்கிற பேப்பர ஒண்ணொண்ணாத் துடைச்சுப் பாருங்க. கத்துனா நானே வேண்டான்னுருதேன்" என்றாள். நான் அதை இந்தியில் சொன்னேன். மீசை ஆபீசர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புதுக் கையுறை மாட்டினார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் துடைத்தார். மிஷின் கத்தவில்லை. பிளஸ் டூ கத்தவில்லை. சாதிச் சான்றிதழ் கத்தவில்லை. நர்ஸ் படிப்புச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், எம்ப்ளாய்மெண்ட் அட்டை, ஒன்றுமே கத்தவில்லை. கடைசியாகக் கவரைத் துடைத்தார், அது வீறிட்டது. கவுண்டர் பெண் தன் மேசையிலிருந்த சொந்தக் கோப்பு ஒன்றைக் காலி செய்து, காகிதங்களை அதற்குள் வைத்துப் பொன்னுத்தாய் கையில் கொடுத்தாள். முந்தின நாள் அவளைத் திட்டியதில் பாதியை நான் அங்கேயே மனசுக்குள் வாபஸ் வாங்கினேன்.

மீசை ஆபீசர் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் எதையோ கவனித்திருக்கிறார் போல. வேதியியல் மார்க்கைச் சொல்லி, உங்கள் பெண்ணா, கெட்டிக்காரி என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். பொன்னுத்தாய் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள்: "அவ கெட்டிக்காரின்னு ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுது. அதுக்குள்ள எங்க உசிர எடுத்துட்டீகளே, சார்!"

மதுரையில்

சென்னையில் இறங்கி வேன் பிடித்து வந்தோம். மதுரையில் பொன்னுத்தாயை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்கள் சாத்தூர் வழியாக ஊருக்குப் போய்விடலாம் என்று நான் சொன்ன யோசனையை யாரும் காதில் வாங்கவில்லை. வியாழக்கிழமை ஒன்பதரைக்கு, சரிபார்ப்பு நடக்கிற ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு பேரும் இறங்கினோம். பாதிப் பேர் தலையில் தீவில் வாங்கிய ஓலைத்தொப்பி. வாசலில் முருகேஸ்வரி நின்றிருந்தாள். ஏர்போர்ட்டில் நடந்ததையெல்லாம் வேனிலிருந்தே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தோம். மூன்று நாளாக அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப் பிடிப்பாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் கோப்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"யாரும்மா ஒன்ன இதத் தூக்கிட்டுப் போகச் சொன்னா? வீட்ல வச்சா என்ன?" என்று எங்கள் எல்லார் முன்னாலும் கத்தினாள். போர்மேன் அண்ணாச்சி வாயைத் திறந்தார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பொன்னுத்தாய் கோபப்படவில்லை. "வீட்ல வச்சிட்டு வந்திருந்தா, நான் அங்கன கடலையா பாத்திருப்பேன்? எந்நேரமும் வீடுதான கண்ணுல நிக்கும்" என்றாள். முருகேஸ்வரி படியேறி உள்ளே போனாள். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மணி வரை உள்ளே இருந்தாள். அந்த மூன்றரை மணி நேரம் ஏர்போர்ட்டில் இருந்த இரண்டு நாளைவிட நீளமாக இருந்தது. பொன்னுத்தாய் டீ கூடக் குடிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருடமாக மருந்து ஏறிய அந்தக் கைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன, ஊரில் எல்லாருக்கும் இருப்பதுபோலத்தான். ஏதாவது ஒரு காகிதம் குறையாக இருந்தால் எல்லாம் வீண் என்று நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முருகேஸ்வரி வெளியே வந்தபோது நாங்கள் அனைவரும் எழுந்து நின்றுவிட்டோம். எல்லாம் சரி பார்த்தாயிற்று, பட்டியலில் பெயர் இருக்கிறது, வேலைக்கான உத்தரவு வீட்டுக்கு வரும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சண்முகையா அண்ணாச்சி ஓலைத்தொப்பியால் கண்ணைத் துடைத்தார், தூசி என்றார். பொன்னுத்தாய் மகள் பக்கத்தில் போகத் தயங்கி நின்றாள், காலையில் வாங்கிய திட்டு இன்னும் ஆறவில்லை. முருகேஸ்வரியே நடந்து வந்து, சான்றிதழ்கள் இருந்த கோப்பை அம்மா கையில் வைத்து, அந்தக் கையை மூடினாள். "நீயே வச்சிக்கம்மா. ஒங்கிட்ட இருந்தாத்தான் இத எந்தக் கவர்மெண்டாலயும் பிடுங்க முடியாது" என்றாள்.

அந்தத் தீவில் கடல் எப்படி இருந்தது என்று எங்கள் இருபத்திரண்டு பேரில் யாரைக் கேட்டாலும் நீலமாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வோம், ஏர்போர்ட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பொழுது போகிறவரை எங்கள் வாயை மூட உங்களால் முடியாது.